ஒன்ஸ் மோர் ஆன்ட்டி

1

நம் கோயில் திருவிழா மலருக்கு, "சிங்கப்பூர் வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பு பிலோமி" என்று கேட்டிருந்தீர்கள். உட்கார்ந்து எழுதினேன். உயரமான கட்டடம், துடைத்துவிட்ட ரோடு, குழாயைத் திறந்தால் தண்ணீர். படித்துப் பார்த்தால் மூன்று நாள் சுற்றிப் பார்க்க வந்தவன் எழுதியது மாதிரி இருந்தது. குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் எழுதுகிற எழுத்தா இது என்று கிழித்துப் போட்டேன்.

அப்படியே விட்டிருப்பேன். போன வாரம் தேக்கா சந்தைக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சீன இளைஞன். என் முகத்தைப் பார்த்தான், தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தான், பிறகு முத்திரை குத்துவதையே நிறுத்திவிட்டான்.

"ஆன்ட்டி! யூ ஒன்ஸ் மோர் ஆன்ட்டி, ரைட்?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னை எட்டிப் பார்த்தார்கள். வேறு யாராவது என்றால் கூச்சத்தில் நெளிந்திருப்பார்கள். நான் நிமிர்ந்து நின்று, "யெஸ் லா, மீ" என்றேன்.

"ஐ வாஸ் த டிரம்மர்!" என்று சொல்லி, அவன் கவுண்டர் மேசையில் இரண்டு விரலால் டகடகவென்று தட்டிக் காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தத் தட்டலை எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். வாங்கப்போன தபால்தலையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து, இதோ, உங்களுக்கு இந்தக் கதையை எழுதுகிறேன். கட்டடத்தைப் பற்றி வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

2

என் தொண்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் நின்று நான் கூப்பிட்டால் அலைக்கு அந்தப் பக்கம் வள்ளத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார் என்று சின்ன வயதில் கேலி செய்தவர்கள்தானே நீங்கள். எழுபதாம் வருஷத்தை ஒட்டி, மூன்று வயது ரோஸ்லினைத் தூக்கிக்கொண்டு சென்னையில் கப்பல் ஏறியபோது அந்தத் தொண்டையும் கூடவே ஏறிவிட்டது. சிங்கப்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சூசை, கப்பல் வந்து சேர்ந்தபோது கரையில் நின்று கையாட்டினார். நான் கப்பல் தட்டிலிருந்து "ஏங்க!" என்றதும் துறைமுகத்தில் பாதிப் பேர் திரும்பினார்களாம். அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கப்பலில் கிடைத்தவள்தான் மைமூன். காயல்பட்டினத்துக்காரி. சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில் மசாலாக் கடை வைத்திருந்த புருஷனிடம் போய்க்கொண்டிருந்தாள். நான் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்க, ரோஸ்லினை ஒரு வாரமும் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். கப்பல் சிநேகம் கரை வரைக்கும் என்பார்கள். எங்கள் சிநேகம் கரையேறி, இன்றுவரை ஓடுகிறது. எந்தத் திருவிழா வந்தாலும் அவள் வீட்டுக்கு என் வட்டிலாப்பம் போகும், நோன்புப் பெருநாள் வந்தால் அவள் வீட்டு பிரியாணி நாங்கள் இருக்கும் புக்கிட் பாஞ்சாங் வரைக்கும் பஸ் ஏறி வரும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் பாக்டரியில் வேலைக்குப் போனேன். என் இங்கிலீஷ் அந்த பாக்டரியில் பிறந்தது. ஒரு பக்கம் சீனப் பெண்கள், ஒரு பக்கம் மலாய்ப் பெண்கள், நடுவில் நான். மூன்று பேரும் பேசிப் பேசி உண்டாக்கிய இங்கிலீஷ் அது, வாக்கியத்தின் முடிவில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லாமல் புரிந்தது. வெளியே கொண்டு போனால்தான் வம்பு.

ரோஸ்லின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் தினம். அவளுக்கு அப்போது பதின்மூன்று இருக்கும். மேடையில் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் நான் பூரித்துப் போய், "தட் ஒன் மை டாட்டர் லா!" என்றேன். கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போல. முன் வரிசையில் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. மேடையில் இவள் முகம் சிவந்தது எனக்கே தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மா, 'தட் ஒன்' சொல்லக்கூடாதும்மா. 'தட் இஸ் மை டாட்டர்'. லா வேற போடறீங்க."

"நீ என் மக. அதைச் சொல்றதுக்கு இலக்கணம் வேணுமாக்கும்?" என்றேன்.

அதற்குச் சில மாதம் கழித்து, ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் நான் அவளைத் தேடிப் போனேன். மழை வரும்போல் இருந்தது, குடை கொண்டு போனேன். தோழிகளோடு நின்றிருந்தாள். தூரத்திலிருந்தே கூப்பிட்டேன். ஒரு சீனப்பெண் "யாரது?" என்று இங்கிலீஷில் கேட்டாள். இவள் சொன்னது என் காதில் விழுந்தது. "அது எங்க புளோக் ஆன்ட்டி."

பொய் என்றும் சொல்ல முடியாது. நான் அவள் புளோக்கில், அதே அடுக்குமாடியில்தான் இருக்கிறேன். எல்லாருக்கும் ஆன்ட்டிதான். குடையைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது அழுதேன். அவளிடம் கேட்கவும் இல்லை, அவரிடம் சொல்லவும் இல்லை. மைமூனிடம் மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு ரோஸ்லினின் தோழிகள் முன்னால் நான் வாயே திறப்பதில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரியும்.

3

இந்த ஊரில் நம் பெண்பிள்ளைகளின் பெயரோடு அடையாள அட்டையில் 'டி ஸ்லாஷ் ஓ' என்று ஒரு வால் இருக்கும். இன்னாருடைய மகள் என்று அர்த்தம். ரோஸ்லினுக்கு அட்டை எடுக்கப் போனபோது அதிகாரி "ஃபாதர் நேம்?" என்றார். சொன்னேன். எழுதினார். "மதர் நேம்?" என்று அட்டையில் போடக் கேட்பார் என்று நின்றுகொண்டே இருந்தேன். "நெக்ஸ்ட்!" என்றார். அவள் சூசையின் மகள் என்று சர்க்கார் சொல்லும். என் மகள் என்று அட்டையில் போட இடம் கிடையாது.

அவள் ஜூனியர் காலேஜில் படிக்கும்போது ஒரு நாள் வீட்டுக்குக் குதித்துக்கொண்டு வந்தாள். காலேஜில் ராக் மியூசிக்கல் போடுகிறார்களாம். ஆற்றோரத்துப் பெரிய அரங்கத்தில். அவளுக்கு முக்கியமான வேஷம், தனியாக ஒரு முழுப் பாட்டு. இருக்கிற கூட்டத்தில் இவள் ஒருத்திதான் தமிழ்ப்பெண். எனக்கு எவ்வளவு பெருமை என்றால், அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், யாரும் குறை சொல்லவும் இல்லை.

டிக்கெட் இரண்டு கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. அவருக்கு அன்றைக்கு ஷிப்ட் மாறவில்லை. கிரேனை விட்டு இறங்க முடியாது. "மைமூனைக் கூட்டிட்டுப் போ, அவளுக்கும்தானே மக" என்றார்.

டிக்கெட்டை என் கையில் கொடுக்கும்போது ரோஸ்லின் நிபந்தனைகளும் கொடுத்தாள்.

"மா, உள்ள பேசக்கூடாது. திங்கக்கூடாது. பாட்டு முடிஞ்சதும் கை தட்டலாம், ஆனா எல்லாரும் தட்டினாத்தான். அப்புறம்..."

"அப்புறம்?"

"பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட 'தட் ஒன் மை டாட்டர்'னு சொல்லாதீங்க. ப்ளீஸ் மா."

"சொல்ல மாட்டேன்" என்றேன். இந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு இருந்து காட்டிவிட்டால், பிள்ளை என்னைத் தன்னுடைய ஆளாகப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டு கிடக்கவும் தயார்.

4

"ராக் மியூசிக்கல்னா என்னளா?" என்று மைமூன் டோபி காட் நிறுத்தத்தில் பஸ் மாறும்போது கேட்டாள். "ராகம் போட்டுப் பாடுவாங்களா?"

"கிட்டார், டிரம்ஸ் எல்லாம் வச்சுப் பாடுறது."

"அப்ப கல்யாண வீட்டு பேண்டு மாதிரி."

நான் வழிநெடுக அவளுக்கு வகுப்பு எடுத்தேன். பேசாதே, திங்காதே, சத்தம் காட்டாதே. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் பையைத் திறந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். கடலை மிட்டாய்.

"ஏட்டி! இப்பத்தானே சொன்னேன்!"

"சப்பித்தான் திம்பேன், கடிக்க மாட்டேன்" என்றாள் பாவமாக. பிடுங்கி என் கைப்பையில் போட்டேன். எனக்குப் பயமெல்லாம் அவளைப் பற்றித்தான். என்னைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை.

குளிர் என்றால் குளிர். இருவரும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டோம். சுற்றிலும் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள், மணக்க மணக்க சீனச் சீமாட்டிகள். கையில் கொடுத்த தாளில் மகளின் பெயரைத் தேடிப் பிடித்தேன். 'ரோஸ்லின் சூசை' என்று மட்டும் இருந்தது. வாலைக் கழற்றிவிட்டாள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒட்டியிருந்தபோது மட்டும் எனக்கு என்ன லாபம்?

கதை இதுதான். கம்பம் என்று இங்கே சொல்கிற பழைய கிராமம் ஒன்றை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். எல்லாரும் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பெண் மட்டும் தகரக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள். அந்தப் பெண் என் பெண். எனக்குக் கதையில் கொஞ்சமும் சம்மதமில்லை. வெள்ளம் புகுந்த கம்பத்து வீட்டில் நான் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். புளோக் வீட்டுச் சாவி கையில் கிடைத்தபோது அதற்கு முத்தம் கொடுத்தவள் நான். இவளுக்குக் கூரை வேண்டுமாம், கூரை! நல்லவேளை, பாட்டுத்தான் முக்கியம், கதை இல்லை.

கிட்டாரும் டிரம்ஸும் முதலில் அடித்த அடியில் மைமூன் என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. "யா அல்லா, நெஞ்சு உள்ள குதிக்குதுளா" என்றாள். எனக்கும் குதித்தது. இரண்டு பாட்டுக்குள் எங்கள் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. காலுக்கு நிபந்தனை எதுவும் சொல்லவில்லையே.

5

இந்த இடத்தில் உங்களுக்கு மட்டும் புரியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் தேர் முடிந்த அன்று நாடகம் போடுவோமே. வேதசாட்சி நாடகத்தில், வேதத்துக்காக உயிரைக் கொடுத்த அர்ச்சியசிஷ்டருக்குத் தலையை வெட்டுகிற காட்சி. வெட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு பாட்டுப் பாடுவார். வெட்டி விழுந்தபிறகு ஆம்பளைகள் பக்கமிருந்து "ஒன்ஸ் மோர்!" என்று கூச்சல் எழும். செத்தவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, அதே பாட்டைப் பாடிவிட்டு மறுபடி வெட்டுப்பட்டுச் சாவார். ஒரு வருஷம் மூன்று தடவை செத்தார். நடுவில் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பெண்கள் எங்களுக்குக் கத்த உரிமை கிடையாது. நல்ல பாட்டாக இருந்தால் எனக்குத் தொண்டை வரைக்கும் வரும். அம்மா தொடையில் கிள்ளுவாள். முழுங்கிவிடுவேன்.

அந்த ஒன்ஸ் மோரை ஆயுசு முழுவதும் முழுங்கி வைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரோஸ்லின் கூரைமேல் நின்று மைக்கைப் பிடித்துப் பாடினாள். முதலில் கிட்டார் மட்டும். பிறகு டிரம்ஸ் சேர்ந்தது. கடைசி வரியில் எல்லா வாத்தியமும் நின்றுவிட, அவள் குரல் மட்டும் மேலே ஏறி ஏறிப் போய் அங்கேயே நின்றது. இங்கிலீஷ் பாட்டுத்தான், ராக் பாட்டுத்தான். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிட்ட குரல் அது. என்னுடையது. என் தொண்டையை என் பிள்ளை வாங்கி, பட்டை தீட்டி, அந்தப் பெரிய மண்டபம் முழுக்க நிறைத்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள். எப்படி? மாவு ஒட்டிய கையைத் தட்டிவிடுகிற மாதிரி, பட்டும் படாமலும். அதற்குள் விளக்கை மங்கலாக்கி அடுத்த காட்சிக்கு ஏதோ தள்ளிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு வந்ததே கோபம்! இவ்வளவுதானா? என் பிள்ளை உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கிறாள், இவ்வளவுதானா?

எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"ஒன்ஸ் மோர்!"

அலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். அரங்கத்துக்குள் இடி விழுந்த மாதிரி இருந்திருக்கும். கைத்தட்டல் பட்டென்று நின்றது. முன் வரிசையில் தலைகள் திரும்பின. வெள்ளைக்காரி ஒருத்தி, "வாட் டிட் ஷீ சே?" என்றாள். இங்கிலீஷ்காரர்களுக்கே தெரியாத இங்கிலீஷ் அது, நம் ஊரில்தான் செல்லும். டார்ச் லைட்டோடு ஒரு பெண் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். மைமூன் என் சேலையைப் பிடித்து இழுத்து, "ஏளா, உக்காருளா! என் கடலை மிட்டாயப் புடுங்கிட்டு நீ என்னளா பண்றே!" என்றாள்.

மேடையில் ரோஸ்லின் கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டுக்குள் தேடினாள். தேடவே வேண்டியதில்லை, அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பஸ் நிறுத்தத்தில் நான்கு பேர் முன்னால் என்னை அம்மா என்று சொல்லக் கூசிய பிள்ளை. இங்கே இத்தனை பேர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மைக் ஒருமுறை கரகரத்தது.

"சாரி, எவ்ரிபடி" என்றாள் அவள். பிறகு சொன்னாள்.

"தட் ஒன் மை மதர் லா."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். டிரம்ஸ் வாசித்த பையன் டகடகடகவென்று ஒரு உருட்டு உருட்டினான். மாடியில் இருந்த மாணவர்கள் முதலில் ஆரம்பித்தார்கள், பிறகு கோட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" டார்ச் லைட்டுப் பெண் டார்ச்சை அணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றாள். தள்ளிக்கொண்டு வந்த சாமானைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனார்கள். ரோஸ்லின் மறுபடி பாடினாள்.

இரண்டாவது தடவை எப்படிப் பாடினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. மைமூன் தன் முக்காட்டு நுனியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

6

வெளியே வந்தபோது ஆற்றின்மேல் சாயங்கால வெயில் அடித்தது. நாடகத்தை நடத்திய யுரேஷிய மாஸ்டர், நரைத்த தாடிக்காரர், என்னைத் தேடி வந்து கை குலுக்கினார். அடுத்த வாரக் காட்சிகளுக்கும் வந்து கத்த முடியுமா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவா என்று இன்றைக்கும் தெரியாது. நான் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் யாராவது கத்தினார்களாம், அவளும் இரண்டு தடவை பாடினாளாம். காலேஜ் பிள்ளைகள் எனக்குப் பெயர் வைத்தது அப்போதுதான்.

ரோஸ்லின் முகத்துப் பூச்சைக்கூடத் துடைக்காமல் வந்து எங்களோடு பஸ் ஏறினாள். திட்டு வரும் என்று வழியெல்லாம் நான் காத்திருந்தேன். சிராங்கூன் சாலையில் இறங்கி, மைமூன் கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். தோசை வந்தது, மூன்று தே தாரே டீ வந்தது. மைமூன் உரிமையோடு என் கைப்பையைத் திறந்து கடலை மிட்டாயை எடுத்து, இப்போது நன்றாகவே கடித்தாள்.

"மா" என்றாள் ரோஸ்லின். "எல்லாம் சொன்னேன். பேசாதீங்க, திங்காதீங்க, டாட்டர்னு சொல்லாதீங்க. ஒன்ஸ் மோர்னு கத்தாதீங்கன்னு சொல்ல எனக்குத் தோணவே இல்லையே மா."

"தோணாததுக்கு நான் என்ன செய்ய?"

மைமூன் சிரித்ததில் மிட்டாய் புரையேறியது. ரோஸ்லினும் சிரித்தாள். அழுதிருந்தாள் போல, கண் மை வழிந்திருந்தது. எனக்குத் துணிச்சல் வந்தது.

"நீ மைக்குல ஒண்ணு சொன்னியே. அது தப்பு இங்கிலீஷ்தானே?"

"தப்புதான்."

"லா வேற போட்ட."

"போட்டேன்."

இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். 'தட் ஒன்' என்று எழுதுகிற பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிறாள். திருத்தட்டும், அதுதான் அவள் வேலை. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில், பக்கத்து மேசையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தோசையைப் பிட்டுக்கொண்டே அவள் தலையைக் குனிந்து மெதுவாக அதை இன்னொரு தடவை சொன்னாள்.

"தட் ஒன் மை மதர் லா."

நான் மேசையைத் தட்டினேன்.

"ஒன்ஸ் மோர்!"